அப்பாவின் குல்லாவுக்கு 88 கண்ணி

போன டிசம்பர்ல அப்பாவுக்கு ஒரு குல்லா பின்னி அனுப்பினேன். அப்பா ரிக் வண்டி டிரைவர். போர்வெல் போடுற வண்டிக்குத் திருச்செங்கோடுதான் தலைநகரம்னு நம்ம பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து கிளம்புற வண்டி கர்நாடகா, ஆந்திரா, மத்தியப் பிரதேசம்னு போய்க்கிட்டே இருக்கும். வருஷத்துல பத்து மாசம் அப்பாவுக்கு வீடு லாரி கேபின்தான். எங்க ஊர் கல்வராயன் மலையில வெள்ளிமலைக்குப் பக்கம். மார்கழிக் குளிர் எங்களுக்குப் புதுசு இல்லை. ஆனா மத்தியப் பிரதேசத்துல டிசம்பர் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகும்போது, இரும்பு கேபினுக்குள்ள படுக்குறது வேற கதை.

குல்லா போய்ச் சேர்ந்து மூணு நாள் கழிச்சு வீடியோ கால் பண்ணினேன். "நல்லா இருக்கு பாப்பா, சூடா இருக்கு"ன்னார். அவருக்குப் பின்னாடி பார்த்தா, குல்லா 5 லிட்டர் தண்ணி ஜக்குக்கு மேல உட்கார்ந்திருக்கு. அளவு எடுத்து தைச்ச மாதிரி கச்சிதமா! கேட்டா, "தலையில போட்டா கண்ணு மறையுது பாப்பா. ஜக்குக்கு கரெக்டா இருக்கு, தண்ணி சூடு ஆறவே மாட்டேங்குது"ன்னு சிரிச்சார்.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். டாலரன்ஸ், ஃபிட், கேலிப்ரேஷன்னு பக்கம் பக்கமா எழுதிப் பாஸ் ஆனவள். அப்பா தலைக்குச் செஞ்சது ஜக்குக்குப் பொருந்தினா அது யார் தப்பு? அந்தத் தப்பைத் தேடிப் போன கதைதான் இந்தக் கட்டுரை. பயணத்திலேயே வாழ்கிறவர்களுக்குச் சின்னப் பின்னல் பொருட்களை எப்படி வடிவமைப்பது, எப்படிக் கணக்குப் போடுவது என்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், பின்னல் என்பது என்ன?

நெசவில் இரண்டு நூல் உண்டு. நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை. இரண்டும் கிட்டத்தட்ட நேர்கோடுகள். அதனால்தான் வேட்டி, புடவை இழுத்தால் நீளாது. பின்னலில் ஒரே நூல்தான். அது வளைந்து வளைந்து கண்ணியாகிறது. ஒவ்வொரு கண்ணியும் கீழே உள்ள கண்ணிக்குள் நுழைந்து வெளியே வருகிறது.

நம்பவில்லையா? போட்டிருக்கும் பனியனை மொபைல் கேமராவில் ஜூம் பண்ணிப் பாருங்கள். வெளிப்பக்கம் வரிசையாக 'வி' வடிவம் தெரியும். உள்பக்கம் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். வெளிப்பக்கம் தெரிவது நிட், உள்பக்கம் தெரிவது பர்ல். ஒரே கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும்தான் இவை. கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களுக்குப் புரியும்படி சொன்னால் 1, 0. இந்த இரண்டை வைத்தே ஆயிரம் டிசைன் வருகிறது. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் சட்டத்தை உருவாக்கினார். கை ஊசி செய்ததை இயந்திரம் செய்ய ஆரம்பித்தது அங்கேதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சுழலும் வட்டப் பின்னல் இயந்திரங்கள் அதன் பேரப்பிள்ளைகள்.

வளைந்த நூலை இழுத்தால் வளைவு நிமிரும், துணி அகலும். விட்டால் மறுபடியும் சுருங்கும். தலை, மணிக்கட்டு, பாட்டில் போன்ற உருண்டையான எதற்கும் பின்னல் ஒட்டிக்கொள்வது இதனால்தான். ஆனால் வெறும் நிட் மட்டும் பின்னினால் ஓரம் சுருண்டு கொள்ளும், ஏனென்றால் முன்பக்க விசையும் பின்பக்க விசையும் சமமில்லை. 2 நிட், 2 பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் சமமாகி ஓரம் தட்டையாக நிற்கும், ஸ்பிரிங் மாதிரி இழுபடவும் செய்யும். இதற்குப் பெயர் ரிப். ஸ்வெட்டரின் கைமுனையில் பார்த்திருப்பீர்கள்.

சூடு தருவது நூல் இல்லை, காற்று

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் இரண்டு மார்க்குக்குக் கேட்கலாம்: அசையாத காற்றின் வெப்பக் கடத்தல் எண் சுமார் 0.026. தண்ணீருக்கு சுமார் 0.6. இருபது மடங்குக்கும் மேல் வித்தியாசம். கண்ணிகளுக்குள் சிறைப்பட்ட காற்றுதான் நம் குல்லாவின் உண்மையான இன்சுலேஷன். நூலின் வேலை அந்தக் காற்றை அசையாமல் பிடித்து வைப்பது.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, நனைந்த குல்லா குல்லாவே இல்லை. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும். இரண்டு, பின்னலில் ஓட்டை உண்டு. கோமுகி அணையைத் தாண்டி மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், எதிர்க்காற்று அந்த ஓட்டை வழியாகச் சூட்டை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் காது வரும் இடத்தில் பின்னலை இரட்டையாக மடித்துவிட வேண்டும்.

எங்கே தப்பு செய்தேன்?

எனக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தது ஹாஸ்டல் ரூம்மேட். ஊட்டிக்காரி. ஆரம்பத்திலேயே சொன்னாள்: "முதல்ல ஒரு சின்னச் சதுரம் பின்னி அளந்து பாரு." எனக்குப் பொறுமை இல்லை. நூல் லேபிளில் போட்டிருந்ததை அப்படியே நம்பினேன். 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று இருந்தது.

கணக்கு சரியாகத்தான் போட்டேன். அப்பா தலைச்சுற்று 56 செ.மீ. குல்லா தலையைப் பிடிக்க வேண்டுமானால் 10 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். அதாவது சுமார் 50 செ.மீ. ஒரு செ.மீ.க்கு 2.2 கண்ணி. 50 × 2.2 = 110 கண்ணி.

ஆனால் என் கை தளர்வு. பிறகு அளந்து பார்த்தபோது எனக்கு 10 செ.மீ.க்கு 18 கண்ணிதான் வந்தது. 110 கண்ணியை 1.8ஆல் வகுத்துப் பாருங்கள். 61 செ.மீ.! தலையைவிட 5 செ.மீ. பெரியது. ஜக்குக்குச் சரியாகப் பொருந்தியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அளக்கும் கருவியைக் கேலிப்ரேட் பண்ணாமல் ரீடிங் எடுத்தால் லேபில் ரெக்கார்டைத் திருப்பி எறிவார்கள். இங்கே கருவி என் கை. இந்த 10 செ.மீ. கணக்குக்கு கேஜ் என்று பெயர். ஒரே நூல், ஒரே ஊசி இருந்தாலும் ஆளுக்கு ஆள் கேஜ் மாறும். ஒரே ஆளுக்கும் இடத்துக்கு இடம் மாறும். ஹாஸ்டல் கட்டிலில் எனக்கு 18. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக ஊருக்குப் போகும் பஸ்ஸில் 19. கொண்டை ஊசி வளைவில் பயத்தில் நூலை இறுக்கிப் பிடிக்கிறேன் போல. 88 கண்ணிக்கு இந்த ஒன்று வித்தியாசமே இரண்டரை செ.மீ. ஆகிவிடும். அதனால் பயணத்தில் பின்னப் போகிறவர்கள் மாதிரிச் சதுரத்தையும் பயணத்திலேயே பின்ன வேண்டும். இதை எந்த லேபிளும் சொல்லாது.

சரியான குல்லா

இரண்டாவது முறை: 50.4 × 1.8 = 90.7. ரிப்புக்கு 4இன் மடங்கு வேண்டும். உச்சியைக் குறைக்க 8இன் மடங்கு இருந்தால் வசதி. இரண்டுக்கும் பொருந்துவது 88. சுற்றளவு 48.9 செ.மீ. வரும், ரிப் இழுத்துக்கொள்ளும்.

எனக்கு 10 செ.மீ. உயரத்துக்கு 24 சுற்று வருகிறது. மடிக்க வேண்டிய ரிப் 10 செ.மீ., அதாவது 24 சுற்று. மடித்தால் காதுமேல் 5 செ.மீ. இரட்டைத் துணி. அதற்கு மேல் நேராக 8 செ.மீ., 19 சுற்று. அப்புறம் உச்சி.

உச்சியில்தான் ஜியாமெட்ரி விளையாடுகிறது. 88ஐ 8 பாகமாகப் பிரித்தால் பாகத்துக்கு 11 கண்ணி. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில், ஒவ்வொரு பாகத்திலும் இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். 88, 80, 72 என்று குறைந்து 8க்கு வந்ததும் நூலை அந்த 8 கண்ணி வழியாக இழுத்து முடிச்சுப் போட்டால் முடிந்தது. மொத்தம் 20 சுற்று, சுமார் 8 செ.மீ.

ஏன் 8? தட்டையான வட்டத்துக்கு ஆரம் 1 செ.மீ. குறைந்தால் சுற்றளவு 2π செ.மீ. குறைய வேண்டும். என் கேஜில் அது ஒரு சுற்றுக்கு 6.28 × 1.8 ÷ 2.4 = 4.7 கண்ணி. நான் குறைப்பது இரண்டு சுற்றுக்கு 8, அதாவது சுற்றுக்கு 4. தட்டையாவதற்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கம்மி. அதனால் உச்சி தட்டாக விரியாமல் கவிழ்ந்த கிண்ணம் மாதிரி எழும்பும். மண்டையும் அப்படித்தானே இருக்கிறது.

நூல் எவ்வளவு? மாதிரிச் சதுரத்தில் 20 கண்ணியைப் பிரித்து அளந்தேன். 38 செ.மீ. ஆக ஒரு கண்ணிக்கு 1.9 செ.மீ. குல்லாவில் மொத்தம் 4,664 கண்ணி. சுமார் 89 மீட்டர். என் 50 கிராம் பந்தில் 120 மீட்டர் இருந்தது. ஒரே பந்து போதும். நிமிஷத்துக்கு 20 கண்ணி என்றால் நான்கு மணி நேரம் வேலை. புதுசாகப் பழகுகிறவர்களுக்கு இரண்டு மடங்கு ஆகும்.

சாலை வாழ்க்கைக்கு ஏற்ற டிசைன்

உண்மையைச் சொன்னால், நான் முதலில் பின்ன நினைத்தது குல்லா இல்லை, ஆறடி மஃப்ளர். அது நடக்காமல் போனது நல்லதாயிற்று. நம் வொர்க்‌ஷாப்பில் லேத் பக்கம் போகும்போது என்ன சொல்வார்கள்? தொங்கும் துணி கூடாது, கையுறை கூடாது, முடியைக் கட்டு. ரிக்கில் சுழலும் ராடும் அதே ஜாதிதான், அளவில்தான் பெரிசு. 1927இல் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் காரில் போனபோது அவர் கழுத்துத் துணி சக்கரத்தில் சிக்கி உயிரே போனது. அன்பாகப் பின்னிக் கொடுக்கும் பொருள் ஆளை ஆபத்தில் மாட்டிவிடக் கூடாது.

அதனால் எனக்கு நானே சில விதிகள் எழுதிக்கொண்டேன். தொங்கும் குஞ்சம், கயிறு, தளர்ந்த நூல்முனை எதுவும் இருக்கக் கூடாது. ராடு சுழலும்போது குல்லாவோ கையுறையோ போட்டுக்கொண்டு பக்கத்தில் போகக் கூடாது. அது கேபினுக்கும் தூக்கத்துக்கும் மட்டும். தடிமனான குல்லாவை ஹெல்மெட்டுக்குக் கீழே போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது, அதனால் அதுவும் கூடாது. இன்னொன்று, காதை மூடும் குல்லா வெளிச்சத்தத்தையும் கொஞ்சம் மூடும். ஆள் கூப்பிடுவது கேட்க வேண்டிய இடத்தில் அதைக் கழற்றிவிட வேண்டும்.

அடுத்தது சைஸ். கேபினில் ஸ்வெட்டர் பின்ன முடியாது. மடியில் பாதி ஸ்வெட்டர் இருக்கும்போது "வண்டிய எடு"ன்னு சத்தம் வந்தால் எங்கே வைப்பது? சட்டைப் பையில் திணிக்க முடிகிற அளவில் இருக்க வேண்டும். எந்த இடத்திலும் சட்டென்று நிறுத்தவும், மறுபடி எடுத்தால் எங்கே விட்டோம் என்று பார்த்த உடனே தெரியவும் வேண்டும். குல்லா, காதுப்பட்டை, மணிக்கட்டுப் பட்டை, பாட்டில் கவர், டீ கிளாஸ் கவர் எல்லாம் ஒரே குழாய் வடிவம்தான், சுற்றளவு மட்டும் மாறும். ஒரு கணக்கு தெரிந்தால் ஐந்தும் தெரிந்த மாதிரி.

எந்த நூல்?

நம் சேலம், நாமக்கல் பக்கம் உள்ள மேச்சேரி ஆட்டுக்கு உடம்பில் முடிதான், கம்பளி கிடையாது. தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தருவது நீலகிரி ஆடு. சாண்டிநல்லாவில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி ஃபேன்சி ஸ்டோரில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது அக்ரிலிக். பெயரில்தான் உல்லன். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

அக்ரிலிக் விலை குறைவு, பக்கெட்டில் அலசலாம், சீக்கிரம் காயும். ஆனால் தீப்பட்டால் உருகி எரியும். எரிவதற்குத் தேவையான குறைந்தபட்ச ஆக்சிஜன் அளவைக் கணக்கிடும் எண் ஒன்று உண்டு, எல்.ஓ.ஐ. என்பார்கள். அக்ரிலிக்குக்கும் பருத்திக்கும் சுமார் 18, கம்பளிக்கு சுமார் 25. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதனால் சாதாரணக் காற்றில் கம்பளி சுலபமாகப் பற்றி எரியாது, மற்ற இரண்டும் எரியும். கம்பளிக்கு இன்னொரு நல்ல குணம், தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சியும் நனைந்த மாதிரி தெரியாது. குறை என்னவென்றால் விலை அதிகம், வெந்நீரில் கசக்கித் துவைத்தால் சுருங்கிக் கட்டியாகிவிடும்.

கேபின் பக்கத்திலேயே ஸ்டவ் வைத்துச் சமைக்கிறவர்கள் அவர்கள். அதனால் குல்லாவுக்குக் கம்பளி, அடர்ந்த சாம்பல் நிறம், கிரீஸ் பட்டால் தெரியாது. கிளாஸ், பாட்டில் கவருக்குப் பருத்தி, சூட்டில் உருகாது. அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது.

கையோடு எடுத்துப் போக

நேரான இரண்டு நீள ஊசி பயணத்துக்கு ஆகாது. பக்கத்து சீட்டுக்காரர் விலாவில் குத்தும், பிரேக் அடித்தால் ஒன்று சீட்டுக்கடியில் உருளும். 80 செ.மீ. வட்ட ஊசி வாங்குங்கள். இரண்டு குட்டி ஊசியை ஒரு பிளாஸ்டிக் ஒயர் இணைத்திருக்கும். பின்னல் ஒயரில் உட்கார்ந்திருக்கும், தொலையாது. நிறுத்தும்போது கண்ணிகளை ஒயருக்குத் தள்ளிவிட்டால் உருவிக்கொள்ளாது. மூங்கில் முனை நல்லது, ஸ்டீலில் கண்ணி வழுக்கும். ஒரு கண்ணி நழுவினாலும் ஏணி மாதிரி கீழே வரை பிரிந்து போகும். அதை ஏற்ற ஒரு குரோஷா கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். நூல் பந்தை மூடியில் ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் உருண்டு அழுக்காகாது.

அப்பா கையில் ஊசி

சரியான குல்லா பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தது. தலையில்தான் இருந்தது. நான் எதிர்பார்க்காதது அடுத்து வந்த கேள்வி: "இது எப்படிப் பின்றது பாப்பா? பாயிண்ட் கிடைக்கிற வரைக்கும் ரெண்டு நாள் சும்மாவே உட்கார்ந்திருக்கோம்."

ஊருக்கு வந்தபோது ஊசியும் நூலும் கொடுத்தேன். இரண்டு நாளில் நிட், பர்ல் வந்துவிட்டது. ஆனால் திரும்பிப் போனதும் போனில் தயங்கினார். "பசங்க சிரிக்கிறாங்க. பொம்பளைங்க வேலைன்னு."

அப்போது நான் படித்ததை எல்லாம் அவருக்குச் சொன்னேன். பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரிக்கு நடுவில் டகீலே என்று ஒரு தீவு. அங்கே குல்லா பின்னுவது ஆண்கள். சின்ன வயதிலேயே பையன்கள் கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தீவின் துணிக் கலையை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலப் பாரம்பரியமாக அறிவித்தது. பிரான்ஸின் லாண்ட் பகுதியில் சதுப்பு நிலத்தில் ஆடு மேய்த்தவர்கள் மரக்கால் கட்டி உயரத்தில் நின்றபடியே பின்னிக்கொண்டிருப்பார்கள். காத்திருப்பதே வேலையாக இருக்கிறவர்கள் கையில் பின்னல் ஊசி இருப்பது புதுசு இல்லை.

சின்னத் துண்டு சின்ன வேலை என்றும் நினைக்க வேண்டாம். 2016 ஜனவரி 31இல் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழு 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையைக் காட்டி கின்னஸ் சாதனை செய்தது. பல பேர் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளைச் சேர்த்ததுதான் அது.

அப்பா இதற்கெல்லாம் "ஓ"ன்னு மட்டும் சொன்னார். ஆனால் பின்னலை விடவில்லை. வண்டி ஓடும்போது தொடமாட்டார், நின்ற இடத்தில்தான். சுற்று எங்கே ஆரம்பிக்கிறது என்று அடையாளம் வைக்க ரப்பர் ஓ-ரிங் மாட்டியிருக்கிறார். கடையில் விற்கும் மார்க்கரைவிட நல்ல ஐடியா. தினமும் எத்தனை அடி போட்டார்கள் என்று எழுதும் நோட்டில் ஓரமாக இன்னொரு எண்ணும் சேர்ந்துவிட்டது. போட்டோ அனுப்பினார்: 'அடி 620. சுத்து 14.'

நீங்கள் ஆரம்பிக்க

ஒரு பந்து நூல், ஒரு வட்ட ஊசி. எங்கே பின்னப் போகிறீர்களோ அங்கேயே 30 கண்ணியில் ஒரு சதுரம் பின்னுங்கள். நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணியை எண்ணுங்கள், ஓரத்தை எண்ணாதீர்கள். பொருளின் சுற்றளவு × 0.9 × ஒரு செ.மீ.க்கு எத்தனை கண்ணி. வருவதை 4இன் மடங்காக்குங்கள். முதலில் பாட்டில் கவர் போடுங்கள். அளவு தப்பினாலும் பாட்டில் கோபப்படாது. சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் மெக்கானிக்கல் மூன்றாம் வருட வகுப்புக்கு வாங்க, கடைசி பெஞ்சில் நூல் டப்பாவோடு இருப்பேன்.

நேற்று ராத்திரி அப்பா கூப்பிட்டார். அவர் கை என் கையைவிட இறுக்கம், 10 செ.மீ.க்கு 20 கண்ணி. பாட்டில் சுற்றளவு 23 செ.மீ.

"கணக்குல 41 வருது பாப்பா. 40 போடவா, 44 போடவா?"

"40 போடுப்பா. இழுத்துக்கும்."